ரொறன்ரோ எத்தனையாம் கட்டை?

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதப் பையைத் திறந்தால் முக்கால்வாசியும் பிளேன் பற்றித்தான். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த வெளிநாட்டுச் சனம் திரும்பிப் போய்விட்டது, ஏற்றிவிட்டு வந்தவர்களுக்குக் கேள்விகள் மிச்சம். நான் பன்னிரண்டு வருடம் கிளிநொச்சியில் ரிக்கெற் போடும் கடை ஒன்றில் கணினிக்கு முன்னால் குந்தியிருந்தவன் என்பது ஆசிரியருக்குத் தெரியும், அதனால் முழுப் பையையும் என் தலையில் கட்டிவிட்டார். சரி, தொடங்குவோம். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே வரும் தூரமெல்லாம் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு, பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய பாதையில் அளந்தது. பத்து இருபது கிலோமீற்றர் அங்கே இங்கே நின்றால் சண்டைக்கு வராதீர்கள்.

கேள்வி: ஐயா, மகள் ஸ்காபரோவில் இருக்கிறாள், அடுத்த மாதம் அவளுக்குக் குழந்தை கிடைக்க இருக்கிறது. நான் முதன்முதலாகப் பிளேன் ஏறப் போகிறேன். ரிக்கெற் கடைக்காரர் பதினெட்டரை மணித்தியாலம் என்கிறார், மகள் 22 என்கிறாள், பக்கத்து வீட்டுப் பொடியன் போனில் தட்டிப் பார்த்துவிட்டு பதினைந்தரை என்கிறான். யார் சொல்வது சரி? எனக்குச் சலரோகமும் இருக்கிறது.
(ஒரு அம்மா, தருமபுரம்)

பதில்: அம்மா, மூன்று பேரும் உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள், ஆளுக்கொரு பயணத்தை அளந்திருக்கிறார்கள். பொடியன் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்கு உள்ள 14,000 கிலோமீற்றரை எடுத்து, பிளேன் மணிக்கு 900 ஓடும் என்று வைத்து வகுத்திருக்கிறான். கணக்கில் பிழை இல்லை, ஆனால் அப்படி ஒரே மூச்சில் போகிற பிளேன் கிடையாது. கடைக்காரர் நீங்கள் ஏறப்போகும் இரண்டு விமானங்களின் நேரத்தைக் கூட்டியிருக்கிறார். மகள் நடுவில் இறங்கிக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறா.

இந்த நடுவில் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சனம் அதிகம் ஏமாறுவது இங்கேதான். "டுபாயாலே போனால் சுத்து, லண்டனாலே போனால் நேர்" என்று யாராவது சொல்லுவார்கள். நம்பாதீர்கள். கட்டுநாயக்காவிலிருந்து டுபாய் ஏறக்குறைய 3,290 கிலோமீற்றர், அங்கிருந்து ரொறன்ரோ 11,080, கூட்டினால் 14,370. டோஹா வழியாகப் போனால் 14,490. லண்டன் வழியாக 8,710உம் 5,700உம், 14,410. எந்த வழியாலே போனாலும் நேர்ப்பாதையை விட 400, 500 கிலோமீற்றர்தான் கூட, பறக்கிற பிளேனுக்கு அது அரை மணித்தியாலம். வளைகுடாவும் லண்டனும் எங்களுக்கும் கனடாவுக்கும் நடுவே, கிட்டத்தட்ட வழியிலேயே கிடக்கின்றன.

அப்போ ஒரு ரிக்கெற் 21 மணித்தியாலம், இன்னொன்று 34 மணித்தியாலம் என்று ஏன் காட்டுகிறது? எல்லாம் காத்திருப்பு. இரண்டாவது பிளேனுக்கு இரண்டரை மணித்தியாலமும் இருக்கலாம், பதினான்கு மணித்தியாலமும் இருக்கலாம். விலை குறைந்த ரிக்கெற்றில் பெரும்பாலும் காத்திருப்பு நீளும். இளம் பொடியன் என்றால் கதிரையில் சரிந்து படுத்துச் சமாளிப்பான், உங்களுக்கு அது வேண்டாம். அதற்காக ஒரு மணித்தியால இடைவெளியும் வேண்டாம், முதல் பிளேன் நாற்பது நிமிடம் பிந்தினாலே இரண்டாவதைப் பிடிக்க ஓட வேண்டி வரும், அந்த விமான நிலையங்களின் நீளம் எங்கள் பரந்தன் சந்தியிலிருந்து அடுத்த சந்திக்கு நடக்கிற மாதிரி. மூன்று, நான்கு மணித்தியாலம் இருக்கிற ரிக்கெற்றாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, முழுப் பயணமும் ஒரே ரிக்கெற்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். என் சொந்த அக்காவுக்கு ஒரு கடையில் (எங்கள் கடை இல்லை, பெயரும் வேண்டாம்) பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று சொல்லி இரண்டு தனித்தனி ரிக்கெற் போட்டுக் கொடுத்தார்கள். முதல் பிளேன் பிந்தியது, இரண்டாவது பறந்துவிட்டது, இரண்டும் வேறு வேறு ரிக்கெற் என்பதால் யாரும் பொறுப்பெடுக்கவில்லை. புது ரிக்கெற் வாங்கிய காசுக்கு ஒரு பசுமாடு வாங்கியிருக்கலாம். ஒரே ரிக்கெற்றில் இருந்திருந்தால் அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவது அவர்கள் கடமை, பெட்டியும் நேரே ரொறன்ரோவுக்குப் போயிருக்கும்.

ரிக்கெற்றில் அடித்திருக்கும் நேரம் பறக்கிற நேரம் மட்டும் இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். சில்லு உருளத் தொடங்கியதிலிருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் சில்லு நிற்கும் வரைக்கும் சேர்த்துத்தான் அது. ஓடுபாதை வரை ஊர்வது, வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்குமுன் வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் வரும். அதனால்தான் டுபாய்க்கு 3,290ஐ 900ஆல் வகுத்தால் மூன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட வரும், ரிக்கெற்றிலோ நான்கரை இருக்கும். பொடியனிடம் சொல்லுங்கள், மேற்கே போகிற நீண்ட பயணம் என்றால் 800ஆல் வகுக்கச் சொல்லி. டுபாய் ரொறன்ரோ 11,080ஐ 800ஆல் வகுத்தால் 14 மணித்தியாலம் மட்டில் வரும், ரிக்கெற்றிலும் அதுதான் இருக்கும்.

இனி யாருமே உங்களுக்குச் சொல்லாத கணக்கு. உங்கள் பிளேன் விடிய 3 மணிக்கு என்று வையுங்கள். தருமபுரத்தில் முதல் நாள் பின்னேரம் 4 மணிக்கு வான் வண்டியில் ஏற வேண்டும். பரந்தன், வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, நடுவில் தேத்தண்ணிக்கும் நிறுத்தி, கட்டுநாயக்காவில் இறங்க இரவு 11 ஆகும். அங்கே நான்கு மணித்தியாலம். பிறகு நான்கரை, மூன்று, பதினான்கு, ஆக இருபத்தொன்றரை. ரொறன்ரோவில் குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது, கார் ஓடி ஸ்காபரோ போவது, ஒரு இரண்டரை. வீட்டுப் படலையிலிருந்து வீட்டுக் கதவுக்கு 35 மணித்தியாலம், அதில் ஆகாயத்தில் இருப்பது பாதியை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு, உருண்டையின் மேல் பார்த்தால் கனடா எங்களுக்கு வடக்குப் பக்கம். நீங்களோ முதல் ஏழு மணித்தியாலமும் தெற்கே, கனடாவை விட்டு விலகித்தான் போகிறீர்கள்.

சலரோகத்துக்கு: குளிசை, ஊசி எல்லாம் கைப்பையில், பெட்டியில் போடவே வேண்டாம், பெட்டி பிந்தினால் என்ன செய்வீர்கள். மேற்கே போகும்போது உங்கள் நாள் ஒன்பது பத்து மணித்தியாலம் நீளும், அந்த நாளில் எந்த நேரத்துக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று புறப்படுமுன் கிளினிக் டொக்டரிடம் எழுதியே வாங்குங்கள், பிளேனுக்குள் நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம். கையில் இருக்கிற மணிக்கூட்டை வழியில் மாற்றாமல் எங்கள் நேரத்திலேயே விட்டுவைத்தால் மருந்து நேரம் குழம்பாது. ஒவ்வொரு மணித்தியாலமும் எழும்பி இரண்டு தரம் நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள். ரிக்கெற் போடும்போதே வீல் செயார் கேட்டு வையுங்கள், அதற்குக் காசு இல்லை, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை. ஆங்கிலம் தெரியாதவர்களை அந்தப் பெரிய விமான நிலையத்தில் கதவு மாறாமல் கொண்டு போய் விடுவதே அந்தத் தள்ளுகிற பிள்ளைகள்தான்.

கேள்வி: சேர், மாமா லண்டனிலிருந்து வரும்போது முன் சீற் திரையில் எடுத்த படத்தைக் காட்டினார். பிளேன் போன பாதை வில் மாதிரி மேலே வளைந்து போகிறது. நேரே போனால் கிட்ட இல்லையா, ஏன் சுற்றுகிறார்கள்?
(உயர்தர மாணவி, முள்ளியவளை)

பதில்: பிள்ளை, சுற்றவில்லை. சுற்றிக் காட்டுவது படம். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் எங்கேயாவது இழுபட்டே ஆக வேண்டும், மேற்கேட்டர் 1569இல் வரைந்த முறைப் படத்தில் வடக்கும் தெற்கும் ரப்பர் மாதிரி இழுபடுகின்றன. அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஆபிரிக்கா அளவு தெரியும், உண்மையில் ஆபிரிக்கா அதைப் போல் 14 மடங்கு.

வீட்டில் ஒரு தோடம்பழம் எடு. காம்புப் பக்கம் வடதுருவம். நடு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே பேனையால் ஒரு புள்ளி, அது நாங்கள். பழத்தின் மறுபக்கம், காம்புக்கும் இடுப்புக்கும் பாதி வழியில் இன்னொரு புள்ளி, அது ரொறன்ரோ. இப்போது ஒரு நூலை இரண்டு புள்ளிக்கும் இறுக்கிப் பிடி. நூல் இடுப்பைச் சுற்றிப் போகாது, மேலே காம்புப் பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். அதுதான் மிகக் குறுகிய பாதை.

கட்டுநாயக்கா எங்கள் பக்கம் கிழக்கு நெடுங்கோடு 80, ரொறன்ரோ மேற்கு நெடுங்கோடு 80. 360 பாகையில் 160 பாகை தள்ளி, கிட்டத்தட்ட உலகத்தின் முதுகுப் பக்கம். நூல் பாதையில் ஒரு பிளேன் போனால் மேற்கு இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, பின்லாந்தின் வட முனை என்று ஏறி, வட அகலக்கோடு 72 பாகை மட்டில் யான் மாயன் என்ற எரிமலைத் தீவுக்குப் பக்கத்தால் போய், கிரீன்லாந்தின் பனியைக் கடந்து, கனடாவின் வடகிழக்கால் இறங்கும். புத்தளத்து உப்புக் காற்றிலிருந்து புறப்பட்டவர் கிரீன்லாந்துக்கு மேலால் போவதா என்று வியப்பாக இருக்கும், நூலைக் கேள், அது பொய் சொல்லாது.

"அப்போ ஏன் நேர்ப் பிளேன் இல்லை" என்று நீ அடுத்த கடிதம் எழுதுவாய், இப்போதே சொல்லிவிடுகிறேன். பிளேனால் முடியும். சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றரை ஒரே மூச்சில், பதினெட்டரை மணித்தியாலத்துக்கு மேல், பறக்கிறார்கள். ஆனால் அவ்வளவு எண்ணெய் சுமந்து பறக்கிற பிளேனை நாளாந்தம் நிரப்ப, கூடக் காசு கொடுக்கிற ஆட்கள் வேண்டும். எங்கள் சனம் கனடா போவது பிள்ளையைப் பார்க்க, மலிவான ரிக்கெற்றில். நூல் போகிற நாடுகளின் ஆகாயமும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், அதைப் பற்றிக் கீழே இன்னொருவருக்கு எழுதியிருக்கிறேன், பார்.

உனக்கு ஒரு சின்னக் கணக்கு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமும் சென்னையும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன. பலாலி வட அகலக்கோடு 9.8, சென்னை விமான நிலையம் 13.0. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர். பெருக்கிப் பார், 355 வரும். அவ்வளவுதான் தூரம், ஒரு சூத்திரமும் வேண்டாம்.

கேள்வி: லண்டனுக்குப் போக 11 மணித்தியாலம், திரும்பி வர பத்தரை அல்லது அதுக்கும் குறைவு. பூமி சுழலுவதாலா? அப்படியென்றால் பிளேன் மேலே ஏறிச் சும்மா நின்றால் லண்டன் தானாகக் கீழே வந்து சேராதா?
(இரண்டு நண்பர்கள், மல்லாவி)

பதில்: தம்பிமாரே, யோசனை நல்லது, எண்ணெய்க் காசு மிச்சம். ஆனால் வவுனியா பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருந்து ஒரு கச்சான் கொட்டையை மேலே எறிந்து பிடித்துப் பாருங்கள். பின் சீற்றில் இருப்பவர் தலையில் விழாது, உங்கள் கைக்குத்தான் வரும், ஏனென்றால் அதுவும் பஸ்ஸின் வேகத்தோடுதான் போகிறது. பூமி நடுக்கோட்டில் மணிக்கு 1,670 கிலோமீற்றர் வேகத்தில் சுழலுகிறது, காற்றும் அதோடு சேர்ந்து சுழலுகிறது, காற்றுக்குள் நிற்கிற பிளேனும் அப்படித்தான்.

நேர வித்தியாசத்துக்குக் காரணம் மேல் காற்று. சோளகம் அடிக்கும் மாதத்தில் பூநகரி வீதியில் எதிர்க்காற்றில் சைக்கிள் உழக்கினவர்களுக்கு இதைப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. பிளேன் பறக்கும் 35,000, 40,000 அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது, மணிக்கு 100, 200 கிலோமீற்றர், மாரி காலத்தில் இன்னும் வேகம். பிளேன் காற்றுக்குள் 900தான் போகிறது. எதிரே 100 அடித்தால் தரையைப் பொறுத்தவரை 800, பின்னால் தள்ளினால் 1,000. லண்டன் எங்களுக்கு மேற்கே, அதனால் போகும்போது உழக்கல், வரும்போது தள்ளல். எங்கள் பாதையில் பாதித் தூரம் வெப்பப் பக்கத்தால் போவதால் வித்தியாசம் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலத்தோடு நிற்கும். அத்திலாந்திக்கின் மேல் இது பெரிய விளையாட்டு: 2020 பெப்ரவரியில் ஒரு புயலின் காற்று தள்ள, நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு போயிங் 747 நான்கு மணித்தியாலம் 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. சாதாரணமாக ஆறரை, ஏழு எடுக்கும் பயணம்.

கேள்வி: மருமகன் விடிய 3 மணிக்குக் கட்டுநாயக்காவில் ஏறினார். அதே திகதி பின்னேரம் 3 மணிக்கு ரொறன்ரோவில் இறங்கினதாகப் படம் அனுப்பியிருக்கிறார், படத்தில் மணிக்கூடும் தெரிகிறது. 12 மணித்தியாலத்தில் எப்படி?
(ஓய்வுபெற்ற கிராம சேவையாளர், கனகராயன்குளம்)

பதில்: ஐயா, உங்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம், ஏனென்றால் உங்கள் வயதுக்காரர் இரண்டு நேரத்துக்குள்ளே வாழ்ந்தவர்கள். நினைவிருக்கிறதா, 1996 மேயில் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது, மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே கிடந்தது. வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பக்கம் மணிக்கூட்டைத் தொடவில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் "புதிய நேரம்", இந்தப் பக்கம் "பழைய நேரம்". கலியாண வீட்டு அழைப்பில்கூட எந்த நேரம் என்று கேட்டுப் போன காலம். வவுனியாவில் 10 மணிக்குக் கிளம்பி இரண்டு எட்டு வைத்தால் ஒன்பதரை. ஓமந்தையில் அந்த இரண்டு எட்டு வைக்கிறதுக்கே அரை நாள் போனது வேறு கதை, 80 கிலோமீற்றர்கூட இல்லாத கிளிநொச்சி வவுனியாத் தூரத்துக்கு ஒரு பகல் போதாமல் போன நாட்களை நானும் பார்த்தவன்.

உங்கள் மருமகனுக்கு நடந்ததும் அதுதான், அரை மணித்தியாலத்துக்குப் பதில் ஒன்பதரை மணித்தியாலம். ரொறன்ரோ மணிக்கூடு கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், மாரியில் பத்தரை. அவர் 3 மணிக்கு இறங்கியபோது கனகராயன்குளத்தில் நடுச்சாமம் தாண்டி பன்னிரண்டரை, அதாவது அடுத்த நாள். 12உம் ஒன்பதரையும் இருபத்தொன்றரை. அவர் படத்தில் முகத்தைப் பாருங்கள், 12 மணித்தியாலம் போன ஆளின் முகமா அது?

திரும்பி வரும்போது இந்தக் கடனைக் கட்ட வேண்டும். ஞாயிறு இரவு ரொறன்ரோவில் ஏறினால் இங்கே செவ்வாய்க்கிழமையாகிவிடும், திங்கட்கிழமையை எங்கே தொலைத்தோம் என்றே தெரியாது. கட்டுநாயக்காவுக்கு வான் அனுப்புகிறவர்கள் ரிக்கெற்றில் வந்து சேரும் திகதியைப் பார்த்து அனுப்புங்கள், புறப்படும் திகதியைப் பார்த்து ஒரு நாள் முன்னரே போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: தம்பி டோஹா வழியாக வரும்போது பாதி வழியில் பிளேன் திரும்பி வேறு நாட்டில் இறங்கி, ஒரு நாள் பிந்தித்தான் வந்தான். ஆகாயத்தை மூடினார்களாம். ஆகாயத்தை எப்படி மூடுவது?
(ஒரு அண்ணன், புதுக்குடியிருப்பு)

பதில்: தம்பி வந்தது 2025 ஜூன் 23ஆம் திகதியாக இருக்க வேண்டும். அன்று ஈரான் கட்டாரில் உள்ள அமெரிக்கத் தளத்துக்கு ஏவுகணை விட்டது, கட்டார் சில மணித்தியாலம் தன் வான்பரப்பைப் பூட்டியது, ஆயிரக்கணக்கானவர்கள் வேறு வேறு ஊர்களில் இறக்கப்பட்டார்கள். 1944இல் சிக்காகோவில் செய்த உடன்படிக்கையின்படி ஒரு நாட்டுக்கு மேலே உள்ள ஆகாயமும் அந்த நாட்டின் காணிதான். படலையைப் பூட்டினால் பூட்டினதுதான், வேறு ஒழுங்கையால் போக வேண்டும்.

ஒழுங்கை மாறினால் எவ்வளவு கூடும் என்பதற்கு ஹெல்சிங்கியும் ரோக்கியோவும் நல்ல உதாரணம். 2022இல் உக்ரேன் போர் தொடங்கிய பிறகு ரஷ்யா ஐரோப்பிய, கனேடிய விமானங்களுக்குத் தன் ஆகாயத்தைப் பூட்டியது. பின்லாந்துப் பிளேன் அதற்கு முன் ஒன்பதரை மணித்தியாலத்தில் ரோக்கியோ போனது, பிறகு 13 மணித்தியாலம் மட்டில். ஊர்கள் இரண்டும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஏ9 வீதி பூட்டியிருந்தபோது யாழ்ப்பாணத்துச் சனம் கொழும்புக்குக் கப்பலிலும் பிளேனிலும் போனதை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கதைதான், இது கொஞ்சம் உயரத்தில்.

கேள்வி: பலாலியால் சென்னை போய், அங்கிருந்து கனடா, லண்டன் போவது சுகமா? கட்டுநாயக்கா வரை இழுபடத் தேவையில்லையே.
(ஒரு குடும்பம், மாங்குளம்)

பதில்: படத்தில் நல்ல யோசனை. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் சென்னைப் பிளேன் திரும்ப வந்தது. ஓடுவது ஏடிஆர் 72 வகை, இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றுகிற 70 பேர் மட்டில் ஏறும் பிளேன், ஒன்றேகால் மணித்தியாலத்தில் சென்னை. சென்னையிலிருந்து ரொறன்ரோ 13,400 கிலோமீற்றர்தான், கட்டுநாயக்காவை விட 600 குறைவு.

ஆனால் இரண்டும் தனித்தனி ரிக்கெற்றாக இருந்தால் சென்னையில் நீங்கள் வெளியே வந்து, பெட்டியை எடுத்து, திரும்ப வரிசையில் நிற்க வேண்டும், அதற்கு இலங்கைக் கடவுச்சீட்டில் இந்திய விசா வேண்டும். பெட்டியின் நிறைக் கணக்கும் மாறும், சின்னப் பிளேனில் குறைவாகத்தான் விடுவார்கள், கனடாவுக்குக் கட்டின மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பலாலியிலேயே நின்றுவிடும். என்னைக் கேட்டால், சென்னையில் நான்கு நாள் நின்று உடுப்பு எடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது நல்ல வழி. நேரே போக வேண்டியவர்களுக்குக் கட்டுநாயக்காதான், இழுபட்டாலும்.

கேள்வி: எங்கள் அண்ணன் லண்டனில், தம்பி மெல்பேர்ணில். யார் கிட்ட?
(ஒரு தங்கச்சி, நெடுங்கேணி)

பதில்: தம்பி. மெல்பேர்ண் 8,360, லண்டன் 8,710. இரண்டுக்கும் கட்டுநாயக்காவிலிருந்து நேர்ப் பிளேன் இருக்கிறது, நேரமும் பத்தரை, பதினொன்று என்று பக்கத்தில்தான். யார் கூடப் போன் எடுக்கிறார்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மாமா, எங்கள் வீடு 155ஆம் கட்டையில். பெரியம்மா ரொறன்ரோவில். ரொறன்ரோ எத்தனையாம் கட்டை?
(ஏழாம் வகுப்பு மாணவன், கிளிநொச்சி)

பதில்: மருமகன், இந்த மாதத்தின் மிகச் சிறந்த கேள்வி உன்னுடையதுதான், தலைப்பிலும் போட்டுவிட்டேன். கண்டியிலிருந்து மைல் எண்ணி நட்டு வந்த கல்லில் 155ஆவது உங்கள் ஊரில், அதனால்தான் அந்தப் பெயர். கிளிநொச்சியிலிருந்து ரொறன்ரோவுக்கு ஆகாயத்தால் 13,780 கிலோமீற்றர், மைலில் 8,560. ஏ9 அப்படியே பனிமலைக்கு மேலால் போகிறது என்று வைத்துக் கல் நட்டால் பெரியம்மா வீடு 8,715ஆம் கட்டை.

ஆனால் விமானியிடம் கேட்டால் வேறு எண் சொல்லுவார். அவர்கள் எண்ணுவது கடல் மைல், ஒன்று 1.852 கிலோமீற்றர், நிலத்து மைலை விடக் கொஞ்சம் நீளம். அந்தக் கணக்கில் உன் வீட்டிலிருந்து 7,440. பெரியம்மாவுக்கு எழுதும்போது பெரிய எண்ணையே எழுது, அப்போதுதான் சொக்லேற் கூட வரும்.